ரோசன்வால்ட் பள்ளிகள்: பெயர் ஒருவருக்கு, பாடு ஊருக்கு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், லீ மாவட்டத்தில் லோச்சபோக்கா என்றொரு சிற்றூர். 1913இல் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு சின்ன மரப் பள்ளிக்கூடம் எழுந்தது. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். சிகாகோவிலிருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற செல்வந்தர் கொடுத்தது 300 டாலர். உள்ளூர் வெள்ளையர்கள் போட்டது 360. கறுப்பினக் குடும்பங்கள் ரொக்கமாகத் தந்தது 150. அது போதாதென்று, 132 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள வேலையைக் கூலி வாங்காமல் அவர்களே செய்து முடித்தார்கள்.

‘ரோசன்வால்ட் பள்ளிகள்’ என்று அழைக்கப்படும் வரிசையில் முதலாவது இதுதான். அடுத்த இருபது ஆண்டுகளில், 1932க்குள், 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் இந்த முறையில் கட்டப்பட்டன. ஆசிரியர் வீடுகளையும் தொழிற்கூடங்களையும் சேர்த்தால் கட்டடங்கள் 5,300ஐத் தாண்டும். எல்லாவற்றுக்கும் ஆன செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் நிதியின் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம். கறுப்பின மக்கள் கையிலிருந்து போனது 17 சதவீதம். வெள்ளையர் நன்கொடை 4 சதவீதம். மீதி 64 சதவீதம் அரசின் வரிப்பணம், அதிலும் கறுப்பினத்தவர் கட்டிய வரி இருந்தது.

ஆக, பெரும்பாலும் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான ஏழை விவசாயிகள் ஒரு கோடீஸ்வரரைவிட அதிகம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் கோடீஸ்வரருடையது. இதை அவருடைய தவறாகச் சொல்லவில்லை. பள்ளிகளுக்குத் தன் பெயர் வைக்கும்படி அவர் நிபந்தனை எதுவும் போடவில்லை. ஆனால் இந்தப் பள்ளிகளின் கதையைப் பெரிய மனிதர் ஒருவரின் தர்மக் கதையாகச் சொன்னால் பாதிக்கு மேல் விட்டுப்போகும்.

முதலில், இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று பார்த்துவிடலாம். அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று பல வழிகளில் பிடுங்கிக்கொண்டன. அலபாமாவின் 1901 அரசியல் சட்டம் அந்த வேலையை முடித்துவைத்தது. ‘தனித்தனியாக, ஆனால் சமமாக’ என்று இனவாரிப் பிரிவினைக்கு உச்ச நீதிமன்றம் 1896இல் முத்திரை குத்தியிருந்தது. தனித்தனி என்பது கறாராக நடந்தது, சமம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாநில அரசு மாவட்டத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துப் பணம் ஒதுக்கும். வந்த பணத்தை எந்தப் பள்ளிக்குக் கொடுப்பது என்று உள்ளூர்க் கல்வி வாரியம் முடிவு செய்யும். வாரியத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வெள்ளையர். கறுப்பினப் பிள்ளைகளின் தலையை எண்ணி வந்த பணம் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. ஓட்டே இல்லாதவர் யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் கறுப்பினப் பிள்ளைகள் தேவாலயத்திலும், சங்கக் கட்டடத்திலும், கைவிடப்பட்ட குடிசையிலும் படித்தார்கள். பல இடங்களில் பள்ளி ஆண்டுக்குச் சில மாதங்கள்தான். பருத்தி எடுப்புக் காலத்தில் அதுவும் கிடையாது.

புக்கர் டி. வாஷிங்டன் இந்தச் சூழலில்தான் வருகிறார். அடிமையாகப் பிறந்தவர், அலபாமாவில் டஸ்கெகீ கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்தவர். ரோசன்வால்ட் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1862இல் பிறந்தவர்; தபால் வழி விற்பனையில் கொடிகட்டிப் பறந்த சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர். இருவரும் 1911இல் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு, தன் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி, டஸ்கெகீயின் கிளை நிறுவனங்களுக்காக ரோசன்வால்ட் 25,000 டாலர் கொடுத்தார். அதில் மிஞ்சியதை வைத்து அருகிலுள்ள கிராமங்களில் ஆறு சின்னப் பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ஆறும் நன்றாக வந்தன. பிறகு திட்டம் விரிந்தது, 1917இல் ரோசன்வால்ட் நிதி என்ற அமைப்பே உருவானது. வாஷிங்டன் அதைப் பார்க்க உயிருடன் இல்லை. 1915 நவம்பரில் இறந்துவிட்டார்.

திட்டத்தின் விதி எளிமையானது. ரோசன்வால்ட் நிதி ஒரு பங்கு தரும். ஊர் மக்கள் தங்கள் பங்கைப் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ காட்ட வேண்டும். மாவட்ட வாரியமும் தன் பங்கைப் போட்டு, பள்ளியைப் பொதுப் பள்ளியாக ஏற்று நடத்த வேண்டும். நிலம் இரண்டு ஏக்கருக்குக் குறையக் கூடாது. நிலத்தின் பத்திரம் வாரியத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட வேண்டும். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழித்து அது வேலையைக் காட்டும்.

ஊர்ப் பங்கு எப்படிச் சேர்ந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைக்கும் பகுதி. பெண்கள் சமைத்த உணவைப் பெட்டியில் கட்டி ஏலம் விட்டார்கள். கோழி, முட்டை விற்ற காசு வந்தது. சிலர் வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியை விற்றுக் கொடுத்தார்கள். மரம் வெட்டினார்கள், அறுவை மில்லுக்கு இழுத்துப் போனார்கள். இவர்களில் பலர் வாரச் சாகுபடிக்காரர்கள். விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவிட்டு, மீதியில் கடைக்கடனை அடைத்துவிட்டு, ஆண்டு முடிவில் கையில் ரொக்கமே பார்க்காத குடும்பங்கள்.

அலபாமாவின் கிரீன் மாவட்டத்தில் பொலிகீ என்ற இடத்தில் நடந்த நிதி திரட்டும் கூட்டத்தைப் பற்றிப் பள்ளி கட்டும் பணியில் இருந்த ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் அழுக்கேறிய பழைய பையொன்றை எடுத்து மேசைமேல் கொட்டினாராம். எல்லாம் சில்லறை. எண்ணிப் பார்த்தால் 38 டாலர், அவருடைய வாழ்நாள் சேமிப்பு. அவருக்குப் பள்ளி வயதில் பிள்ளைகள் இல்லை. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்காவது ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்.

வரியாக ஒரு முறை கட்டி, அது வெள்ளைப் பிள்ளைகளுக்குப் போய்விட்டதால் நன்கொடையாக இன்னொரு முறை கட்டியவர்கள் இவர்கள். கல்வி வரலாற்றாசிரியர்கள் இதை இரட்டை வரி என்றே எழுதுகிறார்கள். அந்தக் காலத்திலேயே விமர்சனமும் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத் தந்தால் போதும் என்ற வாஷிங்டனின் பாதையைக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் கடுமையாக எதிர்த்தார். ரோசன்வால்ட் திட்டமும் பிரிவினையைக் கேள்வி கேட்கவில்லை, அதற்குள்ளேயே நல்ல கட்டடம் கட்டியது. இந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் 1920இல் ஏழு வயதில் இருந்த பிள்ளைக்கு, பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று 1954இல் வரப்போகும் தீர்ப்புவரை காத்திரு என்று சொல்லியிருக்க முடியாது என்பதும் உண்மை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். முதல் வரைபடங்களை டஸ்கெகீயில் கறுப்பினக் கட்டடக் கலைஞரான ராபர்ட் ஆர். டெய்லரும் அவருடைய சகாக்களும் வரைந்தார்கள். 1920இல் நிதியின் கட்டுமான அலுவலகம் நாஷ்வில் நகரத்துக்கு மாறியபின் சாமுவேல் எல். ஸ்மித் என்பவர் புதிய வரைபடங்களை உருவாக்கினார். ஓர் ஆசிரியர் பள்ளி, இரண்டு ஆசிரியர் பள்ளி என்று ஆசிரியர் எண்ணிக்கைப்படி வரைபடம் மாறும். எந்த ஊருக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

இந்தக் கிராமங்களில் மின்சாரம் இல்லை. ஆகவே முழு வடிவமைப்பும் பகல் வெளிச்சத்தைச் சுற்றியே அமைந்தது. உயரமான ஜன்னல்கள் இடைவெளியின்றி வரிசையாக இருக்கும், அதுவும் கிழக்கு அல்லது மேற்குப் பக்கத்தில். கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அதற்கேற்ற வரைபடம் தனித்தனியாக உண்டு. பிள்ளைகளின் இடது பக்கத்திலிருந்து ஒளி வரும்படி மேசைகள் போடப்பட்டன. வலக்கையால் எழுதும்போது கையின் நிழல் தாளில் விழக் கூடாது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. சுவரின் கீழ்ப்பாதிக்கு அடர்ந்த நிறம், மேல்பாதிக்கும் கூரைக்கும் வெளிர் நிறம், எதிரொளிக்கட்டும் என்று. தரை ஈரம் ஏறாமலிருக்கச் செங்கல் தூண்கள்மேல் கட்டடம் உயர்த்தி நிறுத்தப்பட்டது. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவில் நகர்த்தக்கூடிய தடுப்பு. அதை ஒதுக்கினால் ஊர்க்கூட்டம் நடத்தும் அளவுக்கு இடம் கிடைக்கும். தையல், தச்சு வேலைக்கு ஒரு சிறிய அறை. இன்றும் ஓர் ஊரில் பழைய மரக் கட்டடத்தைப் பார்த்து இது ரோசன்வால்ட் பள்ளியா என்று அடையாளம் காண நிபுணர்கள் முதலில் பார்ப்பது அந்த ஜன்னல் வரிசையைத்தான்.

இன்னொன்று. இந்த வரைபடங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்து வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் அவற்றையே பயன்படுத்தினார்கள்.

பிள்ளைகள் உட்கார்ந்த இடம் மேம்பட்டது, கையில் கிடைத்தது மேம்படவில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளி பயன்படுத்தித் தள்ளியவை. முந்தைய மாணவர்களின் பெயர்கள் உள்அட்டையில் அப்படியே இருக்கும். ஓர் ஆசிரியர், அதிகம் போனால் இரண்டு பேர், பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துவார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் அறை நடுவில் விறகு அடுப்பு. அதற்கு விறகு கொண்டுவருவது பிள்ளைகளும் பெற்றோரும். மாவட்டம் முழுவதும் சுற்றி இந்த ஆசிரியர்களுக்குத் துணையாக இருந்தவர்கள் ‘ஜீன்ஸ் ஆசிரியர்கள்’. அன்னா டி. ஜீன்ஸ் என்ற பிலடெல்பியா பெண்மணி 1907இல் கொடுத்த 10 லட்சம் டாலர் நிதியிலிருந்து சம்பளம் பெற்ற மேற்பார்வையாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். பல ஊர்களில் பள்ளி கட்டப் பணம் திரட்டியதும் இவர்கள் பொறுப்புதான். இவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி, இங்கே படித்தவர்கள். பட்டியலில் முதலில் வரும் பெயர் ஜான் லூயிஸ். 1940இல் அலபாமாவின் பைக் மாவட்டத்தில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். வாரச் சாகுபடி செய்துவந்த பெற்றோர் 300 டாலர் சேர்த்து 110 ஏக்கர் நிலம் வாங்கிய குடும்பம். அவர் படித்த டன்ஸ் சேப்பல் தொடக்கப்பள்ளி ஒரு ரோசன்வால்ட் பள்ளி. அதற்கு மேல் படிக்கப் பேருந்தில் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஓடித் தேய்ந்த வண்டி இவர்களுக்கு வரும். கறுப்பினக் குடியிருப்புகளுக்குத் தார்ச்சாலை கிடையாது. பருத்தி எடுக்கும் நாட்களில் வீட்டில் வயலுக்குப் போகச் சொல்வார்கள். லூயிஸ் முன்வாசல் திண்ணைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பேருந்துச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஏறிக்கொள்வாராம். பெற்றோர் கெட்டவர்கள் என்பதல்ல, ஒரு கை குறைந்தால் அறுவடை நின்றுவிடும். படிக்கிற ஆசையும் வயிற்றுப் பிழைப்பும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டதை இந்தச் சிறு சம்பவத்தைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

பதினாறு வயதில், 1956இல், பைக் மாவட்டப் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்கப் போனார். கறுப்பினத்தவருக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரத்துப் பாலத்தில் வாக்குரிமை ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்து, காவலர் அடியில் மண்டை உடைந்தவர் இந்தப் பையன்தான். 1987 முதல் 2020இல் இறக்கும்வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படித்தது ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் ஊரில், லஃபாயெட் மாவட்டப் பயிற்சிப் பள்ளியில். அதுவும் ரோசன்வால்ட் நிதியின் உதவி பெற்றது. 1940இல் எட்டாம் வகுப்பு முடிந்து நடந்த பட்டமளிப்பு நாளைப் பற்றி அவர் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். மேடையேறிய வெள்ளை அதிகாரி, வெள்ளையர் பள்ளிக்குப் புதிய நுண்ணோக்கிகளும் வேதியியல் கருவிகளும் வரப்போவதைச் சொன்னார். இந்தப் பள்ளியைப் பாராட்டச் சொன்னதோ, நல்ல விளையாட்டு வீரர்கள் இங்கிருந்து வருகிறார்கள் என்பது. கூட்டம் கூனிக் குறுகிப் போனது. அப்புறம் முதல் மாணவனாக வந்த பையன் பேச எழுந்து, கறுப்பினத்தவரின் தேசிய கீதம் என்று சொல்லப்படும் பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

புலிட்சர் பரிசு பெற்ற பத்தி எழுத்தாளர் யூஜீன் ராபின்சனும் தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் நகரத்து ரோசன்வால்ட் பள்ளியில் படித்தவர். ஆனால் புகழ்பெற்ற மூன்று பேரை எண்ணிக் காட்டி ஒரு பள்ளித் திட்டத்தை அளப்பது சரியில்லை. இங்கே படித்த பிள்ளைகள் ஆறரை லட்சத்துக்கு மேல். பெயர் தெரியாத இந்தப் பெருங்கூட்டத்துக்கு என்ன ஆனது என்பதை டேனியல் ஆரன்சன், பாஸ்கர் மஜும்தர் என்ற பொருளியலாளர்கள் மக்கள்தொகைப் பதிவுகளை வைத்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். 1880க்கும் 1910க்கும் இடையே பிறந்த தென்மாநில ஆண்களில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான படிப்பு இடைவெளி அசையவே இல்லை. 1910க்கும் 1925க்கும் இடையே பிறந்தவர்களிடம் அது ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமாகச் சுருங்கியது. கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகள் கண்ட முன்னேற்றத்தில் கணிசமான பங்கு இந்தப் பள்ளிகளால் வந்தது என்று அவர்கள் காட்டினார்கள். படித்தவர்கள் வடமாநிலங்களுக்கு வேலை தேடிப் போவதும் கூடியது. கட்டிய ஊரை விட்டுப் போவதற்கான கதவையும் பள்ளியே திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

இவை எப்படி மூடப்பட்டன? 1954இல் பிரௌன் வழக்கில் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, உடனே வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கப் போனார்கள், சின்னப் பள்ளி தேவையில்லாமல் போனது என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்தில் லீவை பியர்சன் என்ற விவசாயி 1947இல் தன் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து கேட்டார். அங்கே தொடங்கிய சட்டப் போராட்டம் பின்னால் பிரௌன் வழக்கோடு சேர்ந்தது. ஆபத்து வருவதை மோப்பம் பிடித்த தென் கரோலினா ஆளுநர் ஜேம்ஸ் பைர்ன்ஸ், 1951இல் 3 சதவீத விற்பனை வரி போட்டு, கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதுச் செங்கல் பள்ளிகளை அவசர அவசரமாகக் கட்டத் தொடங்கினார். ‘சமமாக’ ஆக்கிவிட்டால் ‘தனித்தனியாக’ என்பதைக் காப்பாற்றிவிடலாம் என்ற கணக்கு. வேறு தென்மாநிலங்களும் இதே வழியில் போயின. கிராமத்துச் சின்ன மரப்பள்ளிகள் பல மூடப்பட்டது இந்தக் காலத்தில்தான். பிரிவினையை ஒழிக்க அல்ல, காப்பாற்றத்தான் அவற்றை மூடினார்கள். மிஞ்சியவை 1960களில் மூடப்பட்டன. உண்மையான ஒருங்கிணைப்பு பல மாவட்டங்களில் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வந்தது. அது வந்தபோது கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

மூடிய பள்ளிகள் யாருக்குச் சொந்தம்? பத்திரம் வாரியத்தின் பெயரில் இருந்தது அல்லவா. ஊர் மக்கள் நிலம் கொடுத்து, மரம் வெட்டி, முட்டை விற்றுக் கட்டியதை வாரியங்கள் உபரிச் சொத்து என்று ஏலம் விட்டன. சில வைக்கோல் கொட்டகையாயின, சில வீடாயின, பல அப்படியே இற்று விழுந்தன. பல ஊர்களில் முன்னாள் மாணவர்களும் தேவாலயச் சபைகளும் சேர்ந்து பணம் போட்டு, தங்கள் தாத்தா பாட்டி கட்டிய பள்ளியைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். வரி, நன்கொடை, இப்போது விலை. ஒரே கட்டடத்துக்கு மூன்றாவது முறை.

இன்று ஏதோ ஒரு நிலையில் நிற்பவை சுமார் 500, அதாவது பத்தில் ஒன்று. 2002இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை ரோசன்வால்ட் பள்ளிகளை அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முன்னாள் மாணவர்கள் கூரை மாற்றவும் கறையான் பிடித்த தூண்களை எடுக்கவும் தொடங்கியிருந்தார்கள். டென்னசியின் சம்னர் மாவட்டத்தில் 1922இல் கட்டப்பட்ட கெய்ரோ ஓர் ஆசிரியர் பள்ளி இப்படித் தப்பியவற்றில் ஒன்று. வர்ஜீனியாவின் கம்பர்லேண்ட் மாவட்டத்தில் 1917இல் கட்டப்பட்ட பைன் குரோவ் பள்ளியை 1964இல் மூடினார்கள். அங்கே படித்தவர்கள் கட்டடத்தைக் காப்பாற்றுவதோடு, அதன் பக்கத்தில் வரவிருந்த மாபெரும் குப்பைக் கிடங்கை எதிர்த்தும் நிற்க வேண்டியதாயிற்று.

நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ரோசன்வால்ட் நிதியின் ஆவணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அட்டை: மாநிலம், மாவட்டம், எத்தனை ஏக்கர், எந்த வரைபடம், யார் எவ்வளவு கொடுத்தார்கள், பெரும்பாலும் ஒரு புகைப்படமும். ஊர்ப் பெயரைத் தேடி அட்டையை எடுத்தவர்களுக்குத் தங்கள் முன்னோர் போட்ட தொகை முதன்முறையாகத் தெரியவருகிறது. ஆனால் அட்டையில் இல்லாதது நிறைய: யார் மரம் வெட்டினார், எந்த ஆசிரியர் எத்தனை ஆண்டு இருந்தார், எவர் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. இவை படித்தவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கடைசியாகப் படித்து வெளியேறியவர்களுக்கே இப்போது அறுபது வயதைத் தாண்டிவிட்டது. பருத்தி ஏக்கர் ஒதுக்கியதை நேரில் கண்டவர்கள் அநேகமாக யாரும் இல்லை. 2021 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், இந்தப் பள்ளிகளையும் ரோசன்வால்டையும் பற்றிய தேசியப் பூங்கா அமைப்பது குறித்து ஆராயும்படி தேசியப் பூங்காத் துறைக்கு உத்தரவிட்டது. அது ஆய்வுக்கான உத்தரவு, பராமரிப்புக்கான பணம் அல்ல. எஞ்சியிருக்கும் கட்டடங்களில் ஓட்டையான கூரைகளை அடைக்கும் செலவு இன்றும் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சங்கங்களின் தலையில்தான்.